யாழ்ப்பாண நகரை ஒரு நாளில் நடந்தே பார்க்க எந்த வழியாகப் போவது?

காவிரிக்கரையான்:

எல்லாருக்கும் வணக்கம். நான் திருச்சி. பிப்ரவரி கடைசியில் சுன்னாகத்தில் ஒரு கல்யாணத்துக்கு வருகிறோம், நானும் அம்மாவும். கல்யாணத்துக்கு மறுநாள் முழுக்க எங்களுக்கு வேறு வேலை இல்லை, அதற்கடுத்த நாள் பலாலியில் விமானம். நடுவில் கிடைக்கிற அந்த ஒரு நாளை யாழ்ப்பாண நகருக்குள் நடந்தே கழிக்க வேண்டும் என்று ஆசை. வேன் வைத்துக்கொண்டு தீவு, கடற்கரை, கோயில் என்று ஓடி ஒவ்வொரு இடத்திலும் பத்து நிமிடம் நின்றுவிட்டு வருவதில் எனக்கு விருப்பமில்லை. கல்யாண வீட்டார் வண்டியும் ஆளும் அனுப்புகிறோம் என்று அன்பாகச் சொல்கிறார்கள். அவர்களிடம் காட்ட ஒரு தெளிவான திட்டம் கையில் இருந்தால்தான் எங்களைத் தனியாக விடுவார்கள்.

எங்கள் ஊருக்கு நண்பர்கள் வந்தால் காவிரிப் பாலத்தில் ஆரம்பித்து, சத்திரம் பேருந்து நிலையம், லூர்து அன்னை ஆலயம், தெப்பக்குளம், நந்திகோவில் தெரு, மலைக்கோட்டை, அப்புறம் சின்னக்கடை வீதி, பெரியகடை வீதி வழியாகக் காந்தி மார்க்கெட் வரை நடத்தியே கூட்டிப்போவேன். ஆற்றங்கரை ஊரில் ஒரு வசதி உண்டு. எந்தச் சந்துக்குள் நுழைந்தாலும் ஆறு எந்தப் பக்கம் என்று தெரிந்தால் போதும், ஊர் பிடிபட்டுவிடும். ஊர் ஏன் அந்த இடத்தில் முளைத்தது என்பதும் தானாகவே புரியும். யாழ்ப்பாணத்தில் எதை வைத்து இப்படித் திசை பிடிப்பது?

வரைபடத்தில் பார்த்தால் கோட்டை, நூலகம், மணிக்கூட்டுக் கோபுரம், சந்தை எல்லாம் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன, நல்லூர் மட்டும் தள்ளி இருக்கிறது. எதை முதலில் பார்ப்பது, எதைக் கடைசியில் வைப்பது, நடுப்பகலில் எங்கே ஒதுங்குவது என்று சொல்லுங்கள். அம்மா நன்றாக நடப்பார். ஆனால் ஒரே மூச்சில் இரண்டு கிலோமீட்டருக்கு மேல் முடியாது, இடையில் உட்கார நிழல் வேண்டும். இருவரும் சைவம். சுற்றுலா விளம்பரத்தில் வராத தெரு ஏதாவது இருந்தால் அதையும் தயங்காமல் சொல்லுங்கள்.


கோட்டையடி:

வாங்கோ அண்ணை. நடந்து பார்க்க வேண்டும் என்று கேட்கிறவர்கள் இங்கே குறைவு, அதனால் கொஞ்சம் நீட்டித்தான் எழுதப்போகிறேன்.

முதலில் திசை. குடாநாட்டில் ஆறு என்று சொல்ல இருப்பது வழுக்கையாறு ஒன்றுதான். அதுவும் மாரியில் மட்டும் ஓடி அராலிப் பக்கம் கடல்நீரேரியில் விழும், நகரத்துக்குள் வராது. உங்களுக்குக் காவிரி எப்படியோ எங்களுக்குக் கடல்நீரேரி அப்படி. நகரத்துக்குத் தெற்கும் மேற்கும் அதுதான். கோட்டை அதன் கரையில் நிற்கிறது. கோட்டைப் பக்கமிருந்து காங்கேசன்துறை வீதி வடக்கே போகும், பிரதான வீதி கரையை ஒட்டினாற்போலக் கிழக்கே போகும். இந்த இரண்டு வீதியையும் மனதில் வைத்துக்கொண்டால் நகரத்துக்குள் வழி தவறாது. நல்லூர் வடகிழக்கில், ஏறக்குறைய மூன்று கிலோமீட்டர்.

காலமை வெய்யில் ஏற முதல் பண்ணைப் பாலத்தடியில் தொடங்குங்கள். வேலணைப் பக்கம் போகும் வீதி அது, இரண்டு பக்கமும் ஆழமில்லாத தண்ணீர். தடிகளை வரிசையாக நட்டு வலை கட்டியிருப்பதைக் காண்பீர்கள், அது சிறகுவலை. தடி வரிசை மீனையும் இறாலையும் மெல்ல மெல்ல ஒதுக்கிக் கடைசியில் இருக்கும் கூட்டுக்குள் கொண்டுபோய் விடும். விடியப்புறம் போனால் ஆட்கள் இடுப்பளவு தண்ணீரில் நின்று வலையை எடுப்பதைப் பார்க்கலாம். இவ்வளவு ஆழம் குறைந்த தண்ணீருக்கு முன்னால் ஏன் இவ்வளவு பெரிய கோட்டை என்ற கேள்வி அங்கே நின்றால்தான் வரும். தீவுகளுக்கு நடுவால் வந்துபோகும் வழியைக் காவல் காக்கத்தான்.

கோட்டை திறந்த கையோடு உள்ளே போங்கள். போர்த்துக்கேயர் கட்டத் தொடங்கியது. 1658இல் ஒல்லாந்தர், அதாவது டச்சுக்காரர், பிடித்து ஐந்து மூலைக் கோட்டையாக மாற்றிக் கட்டினார்கள், வெளி அரண் வேலை 1792 வரை நடந்தது. மூன்று வருடத்தில், 1795இல், ஆங்கிலேயரிடம் கொடுத்துவிட்டுப் போனார்கள். ஐந்து கொத்தளத்துக்கும் தங்கள் நாட்டு மாகாணங்களின் பெயரை வைத்தார்கள்: ஹொலண்ட், சீலண்ட், உட்ரெக்ட், கெல்டர்லண்ட், ஃபிரீஸ்லண்ட். மதிலில் ஏறி ஒரு சுற்று வந்தால் ஒரு பக்கம் கடல்நீரேரி, மறுபக்கம் அகழி, அகழிக்கு அப்பால் முற்றவெளி, அதற்கும் அப்பால் நூலகத்தின் வெள்ளைக் கும்மட்டம். நடக்கப்போகும் இடமெல்லாம் அங்கேயே தெரிந்துவிடும்.

சுவரைத் தூர நின்று பார்த்துவிட்டுப் போய்விடாதீர்கள். கிட்டப் போய்க் கையை வையுங்கள். கல் முழுக்க முருகைக்கல். சில கற்களில் விரல்நுனி அளவில் நட்சத்திரங்கள் நெருக்கமாகப் பதிந்திருக்கும், சிலவற்றில் வரிகள் வளைந்து வளைந்து ஓடும். உயிரோடு இருந்த பவளப்பாறையை வெட்டி எடுத்து, அதே பாறையைச் சுட்டு எடுத்த சுண்ணாம்பாலேயே பூசியிருக்கிறார்கள். உள்ளே 1706இல் கட்டிய ஒல்லாந்தர் தேவாலயம் இருந்தது. 1990 முற்றுகையோடு அது போய்விட்டது, இப்போது இடிபாடுதான். யுத்தம் முடிந்தபின் நெதர்லாந்தின் உதவியோடு மதிலைத் திருத்தினார்கள். பிறகு பேராசிரியர் புஷ்பரட்ணமும் இங்கிலாந்தின் டரம் பல்கலைக்கழக ஆட்களும் சேர்ந்து உள்ளே அகழ்ந்தபோது போர்த்துக்கேயருக்கு நெடுங்காலம் முந்திய சீன, மேற்காசிய மட்பாண்டத் துண்டுகள் வந்தன. அதாவது கோட்டை வர முன்பே இது துறைமுகம். உங்கள் கேள்வியில் ஊர் ஏன் அந்த இடத்தில் முளைத்தது என்று எழுதியிருந்தீர்களே, அதற்கான பதில் அந்த மண்ணுக்குள் இருக்கிறது.

வெளியே வந்தால் முற்றவெளி. முனியப்பர் கோயிலடியில் மர நிழல் உண்டு, அம்மாவை இருத்தலாம். 1974 ஜனவரி 10ஆம் திகதி, நான்காவது உலகத் தமிழாராய்ச்சி மாநாட்டின் கடைசி நாளில் உயிரிழந்தவர்களின் நினைவிடம் வீரசிங்கம் மண்டபத்துக்கு எதிர்ப்புறம் அதே வெளியில் நிற்கிறது. தந்தை செல்வா நினைவுத் தூபி, புல்லுக்குளம், இந்திய உதவியில் கட்டிய பதினொரு மாடிப் பண்பாட்டு மையம், நூலகம் எல்லாம் அடுத்தடுத்து. அப்படியே சுப்பிரமணியம் பூங்காவைக் கடந்தால் மணிக்கூட்டுக் கோபுரம். 1875இல் வேல்ஸ் இளவரசர் இலங்கை வந்ததன் ஞாபகமாகக் கட்டியது, வரைந்தவர் கொழும்பு நூதனசாலையை வரைந்த அதே ஸ்மிதர்.

பதினொரு மணியோடு சந்தைக்குள் போய்விடுங்கள். கஸ்தூரியார் வீதியிலும் கன்னாதிட்டியிலும் நகைக்கடைகள். பஸ் நிலையத்தைச் சுற்றி பனங்கட்டி, புழுக்கொடியல், பனாட்டு, மோர்மிளகாய், எள்ளுப்பாகு விற்கும் கடைகள் வரிசையாக இருக்கும். பனங்கட்டியைக் குட்டானோடு வாங்குங்கள். குட்டான் என்றால் பனையோலையில் பின்னிய சின்னக் கூடு. பாகைச் சூட்டோடு அதற்குள் ஊற்றி இறுக விடுவதால், பிரிக்கும்போது ஓலையின் வரி பனங்கட்டியில் அச்சாக இருக்கும். ஊருக்குக் கொண்டுபோனாலும் கெடாது. மத்தியானம் பெரியகடையில் மலாயன் கபே, வாழையிலையில் மரக்கறிச் சாப்பாடு, அம்மாவுக்கும் பிடிக்கும்.

சாப்பிட்டபின் இரண்டு மணித்தியாலம் எங்கும் நடக்காதீர்கள். மூன்று மணிக்குப் பருத்தித்துறை போகும் பஸ்ஸில் ஏறி நல்லூரில் இறங்கினால் பின்னேரப் பூசை காணலாம். கோயிலிலிருந்து முத்திரைச் சந்தியில் யாழ்ப்பாண அரசன் சங்கிலியன் சிலை, சங்கிலியன் தோப்பு, யமுனா ஏரி, மந்திரிமனை, எல்லாம் நடைதூரம்.


வண்ணை மைந்தன்:

கோட்டையடி சொன்ன இடங்கள் எல்லாம் சரி. வரிசைதான் எனக்குச் சரியாகப் படவில்லை. நான் தலைகீழாகச் செய்யச் சொல்வேன், அதற்கு இரண்டு காரணம் இருக்கிறது.

ஒன்று வெய்யில். கோட்டை மதிலில் ஒரு மரம் கிடையாது. பெப்ரவரி என்றாலும் ஒன்பது மணிக்குப் பிறகு முருகைக்கல் சூடு ஏறும், முதியவர்களுக்குக் கண் கூசும். அதே மதிலில் பின்னேரம் நாலரைக்குப் பிறகு ஏறினால் கடல்காற்று அடிக்கும், சூரியன் தீவுகளின் பக்கம் இறங்குவதைப் பார்த்துவிட்டு வெளியே வரலாம். உள்ளே எத்தனை மணி வரை விடுவார்கள் என்று காலையிலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். நல்லூர்க் கோயில் காலமையில்தான் அழகு. தேர்முட்டிப் பக்கத்து வெண்மணல் அப்போது சுடாது, வெறுங்காலோடு சுற்றி வரலாம்.

இரண்டாவது காரணம் சரித்திரம். யாழ்ப்பாண அரசர்களின் தலைநகர் நல்லூர். 1619இல் இரண்டாம் சங்கிலி போர்த்துக்கேயரிடம் பிடிபட்டார், பிறகு கோவாவுக்குக் கொண்டுபோய்க் கொன்றார்கள். 1621இல் போர்த்துக்கேயத் தளபதி ஒலிவேரா நல்லூர்க் கோயிலை இடித்தான். அவர்கள் ஆட்சி நிலைத்த இடம் கடற்கரை, அதாவது கோட்டையும் அதைச் சுற்றிய பட்டினமும். ஒரு ஊரின் நடு ஏறக்குறைய மூன்று கிலோமீட்டர் நகர்ந்த கதை இது. முதலில் நல்லூரைப் பார்த்துவிட்டு அங்கிருந்து கடற்கரைக்கு வந்தால், நடந்தது நடந்த வரிசையிலேயே உங்கள் கால் போகும். கோட்டையில் தொடங்கினால் முடிவிலிருந்து தொடக்கத்துக்குப் போகிற மாதிரி.

நல்லூரில் இப்போது நாம் கும்பிடும் கோயில் ஒல்லாந்தர் காலத்தில், 1734 தொடக்கம் எழுந்தது. ஆண்கள் மேற்சட்டையைக் கழற்ற வேண்டும், உள்ளே படம் எடுக்கக்கூடாது. அர்ச்சனைச் சீட்டு ஒரு ரூபாய். பூசை சொன்ன நேரத்துக்குச் சரியாக நடக்கும், ஐந்து நிமிடம் பிந்திப் போனாலும் தவறிவிடும். மந்திரிமனையின் மரவேலையை வெளியே நின்று வடிவாகப் பாருங்கள், உள்ளே ஏறாதீர்கள், கட்டடம் தளர்ந்த நிலையில் இருக்கிறது. அதை ஒழுங்காகக் காப்பாற்றாமல் விட்டது எனக்கு எப்போதும் மனவருத்தம். யமுனா ஏரி ‘ப’ வடிவக் கேணி, அரச குடும்பத்துக்காக வெட்டியது என்பார்கள். முகப்பு வளைவு மட்டும் மிஞ்சிய சங்கிலியன் தோப்பும் அருகில். கோயிலுக்கு எதிரே ரியோவில் ஐஸ்கிறீம், அம்மாவோடு அரை மணி இருக்கலாம்.

அதன்பின் ஓட்டோ பிடித்து வண்ணார்பண்ணை வாருங்கள், இதைக் கோட்டையடி விட்டுவிட்டார். வைத்தீஸ்வரன் கோயில், சிவன் கோயில் என்றுதான் எல்லோரும் சொல்வோம், ஒல்லாந்தர் ஆட்சி முடியும் தறுவாயில் வைத்திலிங்கச் செட்டியார் கட்டியது. ஒல்லாந்தர் காலத்து நூற்றுச் சொச்ச வருடத்தில் முதலில் கோயில் கட்டவே அனுமதி இல்லாதிருந்து, கடைசியில் நகரத்துக்குள்ளேயே ஒரு வணிகர் இவ்வளவு பெரிய சிவன் கோயில் எழுப்புகிற அளவுக்குக் காலம் மாறியிருக்கிறது. ஆறுமுகநாவலர் 1848இல் சைவப்பிரகாச வித்தியாசாலை தொடங்கியதும் இதே வண்ணார்பண்ணையில்தான். அங்கிருந்து காங்கேசன்துறை வீதி நேரே சந்தைக்குக் கொண்டுவந்து விடும், ஒரு கிலோமீட்டர் அளவுதான். வீதியின் இரண்டு பக்கமும் பழைய கடைகள், மரக் கதவுப் பலகைகளோடு இன்னும் சில நிற்கின்றன.


காவிரிக்கரையான்:

இருவருக்கும் மிக்க நன்றி. வண்ணை மைந்தன் சொன்ன நல்லூர், வண்ணார்பண்ணை, சந்தை, கோட்டை என்ற வரிசையை எடுத்துக்கொள்கிறேன். அம்மாவிடம் படித்துக் காட்டினேன், காலையில் கோயில் என்றதுமே அவருக்கு மறுபேச்சில்லை. சிறகுவலையை விட மனமில்லை, கல்யாணத்துக்கு முந்தைய நாள் விடியற்காலையில் நான் மட்டும் பண்ணைக்குப் போய்வரப் பார்க்கிறேன்.

இன்னும் இரண்டு கேள்வி. சாப்பாட்டுக்கும் நாலரை மணிக்கும் நடுவில் இருக்கிற நேரத்தில் அம்மா மர நிழலில் உட்கார நல்ல இடம் எது? பிரதான வீதி கிழக்கே போகிறது என்றீர்கள், அந்தப் பக்கம் பார்க்க என்ன இருக்கிறது என்று யாரும் எழுதவில்லையே. அப்புறம் நூலகம். எப்போது போனாலும் உள்ளே விடுவார்களா?


குருநகர்க் கரை:

பிரதான வீதியைப் பற்றிக் கேட்டதற்குச் சந்தோஷம், ஏனென்றால் யாழ்ப்பாணம் பார்க்க வருகிறவர்கள் மணிக்கூட்டுக் கோபுரத்தோடு திரும்பிவிடுகிறார்கள். கோட்டைக்குக் கிழக்கே இருந்த பட்டினம் இதுதான், பறங்கித்தெரு என்று பழைய ஆட்கள் சொல்வார்கள். ஒல்லாந்தர் பாணியில் தாழ்ந்த ஓட்டுக்கூரையும் தூண் வைத்த விறாந்தையுமாக இருந்த வீடுகளில் பல யுத்தத்தில் போய்விட்டன. மிச்சமிருப்பதில் ஒன்றிரண்டைக் கவனித்துப் பார்த்தால் கண்டுபிடிக்கலாம். தூண் பருமனாக, வட்டமாக, வீட்டின் உயரத்துக்குப் பொருந்தாத அளவு தடிப்பாக இருக்கும்.

அதே போக்கில் போனால் மரியன்னை பேராலயம், 1850இல் தொடங்கிய பத்திரிசியார் கல்லூரி. கொஞ்சம் தெற்கே இறங்கினால் குருநகர், முன்பு கரையூர். யாகப்பர் ஆலயம் எங்களுடைய கோயில். 1993 நவம்பரில் விமானக் குண்டு விழுந்து ஆட்கள் செத்தது அங்கேதான், திருப்பி எங்கள் ஆட்களே கட்டி எழுப்பினார்கள். உள்ளே போகலாம், செருப்பைக் கழற்றிவிட்டு அமைதியாக இருந்தால் யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். கோயிலைத் தாண்டினால் துறை. மத்தியானத்தில் அங்கே வேலை குறைவு, வள்ளங்கள் கரையில் நிற்கும், பெண்கள் நிழலில் இருந்து வலை பொத்துவார்கள். படம் எடுக்கும்முன் ஒரு வார்த்தை கேளுங்கள், அக்கா எடுக்கலாமா என்று கேட்டால் அனேகமாகச் சரி என்றுதான் சொல்வார்கள்.

நிழலுக்கு ஒரே இடம் பழைய பூங்கா, சுண்டுக்குளியில், கச்சேரி என்று நாங்கள் சொல்லும் மாவட்ட அரச அலுவலகத்துக்குப் பக்கத்தில். 1829 தொடக்கம் 1867 வரை இங்கே அரசாங்க அதிபராக இருந்த டைக் என்ற ஆங்கிலேயர் உருவாக்கியது. ஏறக்குறைய நாற்பது வருடம் ஒரே ஆள், ஒரே ஊர், இங்கேயே செத்தும் போனார். அந்தக் காலத்து மரங்கள் இன்னும் நிற்கின்றன, வெய்யில் தரையில் விழாது. பக்கத்தில் கூரையில்லாமல் நிற்கும் பழைய கச்சேரி இடிபாட்டையும் பாருங்கள். ஆங்கில எழுத்தாளர் லியோனார்ட் வூல்ஃப் 1905இல் இலங்கையில் உத்தியோகம் தொடங்கியதும் யாழ்ப்பாணக் கச்சேரியில்தான். நூலகத்திலிருந்து பூங்கா இரண்டு கிலோமீட்டருக்குக் கிட்ட வரும், மத்தியான வெய்யிலில் அம்மாவை நடக்க வைக்காதீர்கள். ஓட்டோவில் வந்து ஒன்றரை மணித்தியாலம் இருந்துவிட்டு ஓட்டோவிலேயே கோட்டைக்குத் திரும்புங்கள், நீங்கள் மட்டும் வேண்டுமானால் துறைப் பக்கம் நடந்து வரலாம். ரொசாரியன் கன்னியர் மடத்தில் நெல்லிரசம் விற்பார்கள், ஒரு போத்தல் வாங்கினால் தண்ணீரில் கலந்து குடிக்கலாம், வெய்யில் களைப்புக்கு நல்லது.


ஐந்துசந்தி:

எல்லாரும் நல்லூர், கோட்டை, குருநகர் என்று எழுதிவிட்டீர்கள். வண்ணார்பண்ணையிலிருந்து சந்தைக்கு நடக்கும் வழியில் மேற்குப் பக்கம் திரும்பினால் எங்கள் பகுதி வரும், அதையும் நான் எழுதத்தான் வேண்டும்.

சோனகதெரு, ஐந்துசந்தி, ஒட்டுமடம் ஆகிய இடங்களில் யாழ்ப்பாண முஸ்லிம்கள் தலைமுறை தலைமுறையாக இருந்தோம். கஸ்தூரியார் வீதியிலும் சந்தையிலும் இரும்புக்கடை, துணிக்கடை, நகைக்கடை எங்கள் ஆட்களுடையவை நிறைய இருந்தன. 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி சில மணி நேரத்துக்குள் எல்லாரையும் விடுதலைப் புலிகள் வெளியேறச் சொன்னார்கள், கையில் எடுத்ததோடு போனோம். பெரும்பாலானவர்கள் புத்தளத்தில் வேர்விட்டுவிட்டார்கள். திரும்பி வந்தவர்கள் கொஞ்சப் பேர். நடந்து வந்தால் கூரை இல்லாத வீட்டுச் சுவர்களுக்குள் மரம் வளர்ந்து நிற்பதையும், அதற்கு அடுத்த வளவில் புதிதாக வர்ணம் அடித்த வீட்டையும் ஒன்றாகக் காண்பீர்கள். பள்ளிவாசல்களில் தொழுகை நடக்கிறது, ஒஸ்மானியாக் கல்லூரி நடக்கிறது.

இதைப் பார்த்து வருத்தப்படுங்கள் என்பதற்காகச் சொல்லவில்லை. ஐந்துசந்தியில் தேத்தண்ணிக் கடை இருக்கிறது, இஞ்சி போட்ட பிளேன்டி குடிக்கலாம், கடைக்காரரோடு கதைக்கலாம். யாழ்ப்பாண நகரத்தை நடந்து பார்த்தேன் என்று நீங்கள் ஊரில் போய்ச் சொல்லும்போது இந்தத் தெருவும் அதற்குள் இருக்க வேண்டும் என்பது என் விருப்பம். மேலதிகமாக இருபது நிமிட நடைதான்.


நூலக வாசகி:

நூலகத்தைப் பற்றி நான் சொல்கிறேன், ஏனென்றால் என் படிப்பெல்லாம் அந்த மேசைகளில்தான் நடந்தது.

வாசகர்கள் இருக்கும் நேரத்தில் பார்வையாளரை எல்லா இடத்துக்கும் விடமாட்டார்கள். வாசலில் கேட்டால் எந்த நேரம், எந்தப் பகுதி என்று சொல்வார்கள். அதைக் கேட்டு எரிச்சல்பட வேண்டாம். பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகள் ஒவ்வொரு நாளும் அங்கே இருக்கிறார்கள். பஸ்ஸில் வந்து இறங்கி, கூட்டமாக உள்ளே நுழைந்து, மேசைகளுக்கு நடுவில் நின்று படம் எடுத்துவிட்டுப் போனவர்களால் வந்த கட்டுப்பாடு அது.

போகும்முன் அம்மாவுக்கு இதைச் சொல்லிவிட்டுக் கூட்டிப்போங்கள். 1933இல் செல்லப்பா என்பவர் தன் வீட்டில் தொடங்கிய வாசிப்பறைதான் இதன் விதை. பிறகு பத்திரிசியார் கல்லூரியின் லோங் அடிகள் முன்னின்று கட்டடத்துக்குப் பணம் சேர்த்தார்கள், களியாட்ட விழா நடத்தி, சீட்டு விற்று, ஊராரிடம் கேட்டுக் கேட்டு. நூலக ஒழுங்குக்கு ஆலோசனை சொன்னவர் எஸ். ஆர். ரங்கநாதன், சீர்காழிக்காரர், உங்கள் காவிரி டெல்டாதான். கட்டடத்தை வரைந்தவர் சென்னையிலிருந்து வந்த நரசிம்மன். 1954இல் அடிக்கல், 1959இல் திறப்பு. 1981 மே 31 இரவு தொடங்கி ஜூன் 1 வரை பொலிஸாரும் கும்பலும் சேர்ந்து எரித்தார்கள். ஏறக்குறைய 97,000 நூல்கள், அவற்றோடு ஓலைச்சுவடிகள். தீ எரிவதைப் பத்திரிசியார் கல்லூரி மாடியிலிருந்து பார்த்த தாவீது அடிகள் அந்த இடத்திலேயே மாரடைப்பில் உயிர் விட்டார். பல மொழி கற்ற அறிஞர் அவர்.

இப்போது இருப்பது பழைய வடிவத்திலேயே திருப்பிக் கட்டியது. முன்னால் வெள்ளைச் சரஸ்வதி சிலை. படம் எடுக்க நினைத்தால் அங்கே எடுங்கள், உள்ளே வேண்டாம். விட்டால் பத்திரிகை வாசிக்கும் பகுதியில் அம்மாவோடு ஒரு கால் மணித்தியாலம் இருந்து அன்றைய பேப்பரைப் புரட்டுங்கள். வயதானவர்கள் காலமையில் வந்து வரிசையாக வாசித்துவிட்டுப் போவார்கள், இந்த நூலகம் எதற்காக இருக்கிறது என்பது அந்த மேசையில் விளங்கும். பழைய கட்டடம் நின்ற காலத்திலும் ஊர் ஆட்கள் இப்படித்தான் வந்தார்கள் என்று என் அப்பா சொல்வார்.


கோட்டையடி:

வண்ணை மைந்தனின் வரிசைக்கு நானும் ஒத்துக்கொள்கிறேன், அம்மா வருகிறபடியால் அதுதான் நல்லது. நூலகத்தைச் சந்தைக்கு முன் வைக்காமல், பூங்காவிலிருந்து திரும்பும்போது கோட்டைக்கு முன் வையுங்கள், இரண்டும் ஒரே பக்கம்.

இன்னும் சில்லறை விஷயம். நகரத்துக் குழாய்த் தண்ணீரும் கிணற்றுத் தண்ணீரும் உவர் கலந்தவை, போத்தல் தண்ணீர் கையில் இருக்கட்டும். கோயில், தேவாலயம் என்று அடிக்கடி கழற்ற வேண்டிவரும், அதனால் கட்டு இல்லாத செருப்புப் போட்டு வாருங்கள். ஓட்டோவில் ஏறும்முன் விலை பேசுங்கள், அல்லது கைப்பேசியில் பிக்மீ என்ற, ஓட்டோ கூப்பிடும் செயலியைப் போட்டுக்கொள்ளுங்கள், இங்கே வேலை செய்யும். சுன்னாகத்திலிருந்து நகரத்துக்குக் காங்கேசன்துறை வீதி வழியாக பஸ் அடிக்கடி உண்டு. ஆனால் காலமை நேரே நல்லூருக்கு வருவதென்றால் கல்யாண வீட்டாரின் வண்டியை அந்த ஒரு நடைக்கு மட்டும் ஏற்றுக்கொள்ளுங்கள், அவர்களுக்கும் மனம் நிறையும். வண்டியை அங்கேயே திருப்பி அனுப்பிவிடலாம்.